கமராவும் பஸ் வண்டியும்

ஒருகாலத்திற் கமரா என்பது வசதி படைத்தோர் வீட்டுப் பொருளாய் இருந்தது. கலியாணமோ, பட்டமளிப்போ நிகழ்ந்தாலன்றி மற்றையோர் அதன் முன்னே நிற்றல் அரிது. நின்றாலும், மூச்சை அடக்கி, முகத்தை இறுக்கி, சிரிப்பு வந்துவிடுமோ என்ற அச்சத்துடனேயே நின்றனர். இன்று நிலைமை முற்றாக மாறிவிட்டது. பாடசாலை மாணவன் சட்டைப்பையிலும் கமரா உண்டு. அவன் பாட்டியார் முந்தானை முடிச்சிலும் உண்டு. உண்ணும் தோசையும் உடுத்த சேலையும் கணந்தோறும் படமாகின்றன. ஆயினும், நாம் நாள்தோறும் பஸ்ஸிலிருந்து பார்த்தும் பாராதும் கடந்துசெல்லும் தெருவொன்றின் படம் எத்தனை பேரிடம் உண்டு என்று வினவினால், விடை தருவார் மிகச் சிலரே.

இக்குறையை ஒருசிறிதேனும் நீக்கலாம் என்னும் எண்ணத்தாலேயே, எமது கல்லூரி உயர்தர வகுப்பு மாணவர் சிலரையும், பழைய மாணவர் சிலரையும், அவர்தம் சகோதரிமாரையும் சேர்த்து, கொழும்பு மாநகரைப் பஸ்ஸிலும் புகையிரதத்திலும் சுற்றிப் படமெடுக்கும் தொண்டர் குழுவொன்றை அமைத்தோம். இதுபோன்ற முயற்சியில் இறங்க விரும்பும் பிற கல்லூரியினருக்கும், விடுமுறை நாளிற் பிள்ளைகளை எங்கே அனுப்பலாம் என்று சிந்திக்கும் பெற்றோருக்கும் பயன்படக்கூடும் என்று கருதி, எமது ஏற்பாடுகளை ஈண்டு எழுதுகின்றோம்.

தொண்டர் கூடி நகரைப் படமெடுத்தல் புதிய காரியமன்று. இலண்டன் மாநகரிலே, சென்போல் பேராலயத்துக்கு அணித்தாய், ‘ஒக்ஸ்போட் ஆம்ஸ்’ என்றொரு பழைய சத்திரம் இருந்தது. குதிரை வண்டிக் காலத்து மாடங்களோடு கூடிய அக்கட்டிடம் இடிபடப் போகின்றதென அறிந்த அன்பர் சிலர், அதனைக் காப்பாற்றத் தம்மால் இயலாதாயினும், அதன் தோற்றத்தையாவது காப்போம் என்று 1875ஆம் ஆண்டிற் படமெடுப்பித்தனர். அந்தச் சிறு முயற்சி ஒரு சங்கமாக வளர்ந்து, 1886ஆம் ஆண்டு வரையில் 120 படங்களை வெளியிட்டது. சத்திரம் போயிற்று, படம் இருக்கின்றது. பின்னர் 1897இல் சேர் பெஞ்சமின் ஸ்ரோன் என்பவர், இங்கிலாந்து முழுவதிலும் உள்ள பொழுதுபோக்குப் படப்பிடிப்பாளரை ஒன்றுதிரட்டி, ஊர்க்கோயில்களையும் பழைய வழக்கங்களையும் பதிவுசெய்யும் சங்கமொன்றைத் தொடங்கினார். எமது காலத்திலோ 2010ஆம் ஆண்டு நெதர்லாந்தில், விக்கிப்பீடியாத் தொண்டர்கள் நினைவுச்சின்னங்களைப் படமெடுக்கும் போட்டியொன்றைத் தொடங்க, அது விரைவிற் பல நாடுகளுக்கும் பரவியது.

இலங்கைக்கும் இத்துறையில் நல்ல முன்னோர் உண்டு. 1870ஆம் ஆண்டளவில் யோசப் லோட்டன் என்பவர், காடு மூடிய அநுராதபுரத்தையும் பொலநறுவையையும் பாரமான கமராவும் கண்ணாடித் தகடுகளும் சுமந்து சென்று படமெடுத்தார். கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட சிங்களக் கலை பற்றிய பெருநூலுக்கு, அவர் துணைவியார் எதெல் அம்மையார் எடுத்த படங்களே அணிசெய்தன. கம்மாளரும் குயவரும் தத்தம் தொழிலைச் செய்துகொண்டிருக்கையிலேயே அவ்வம்மையார் அவர்களைப் படமெடுத்தார் என்பது நாம் மாணவர்க்கு அடிக்கடி நினைவூட்டும் செய்தி. மற்றொருவர் லயனல் வென்ட். 1944இல் அவர் மறைந்தபின் அவருடைய மூலச்சுருள்கள் அழிக்கப்பட்டுவிட்டன. அச்சிட்டுக் கைமாறிய படங்களே எஞ்சின. எடுப்பது பாதி, பேணுவது பாதி என்பதற்கு இதனினும் கசப்பான சான்று வேண்டுமோ? ஆனால் பேணுவதைப் பற்றிப் பின்னர்ச் சொல்வோம்.

முதலிற் சிலர் எம்மை வினவிய வினாவுக்கு விடை கூறல் வேண்டும். “ஒரு வான் பிடித்தால் எல்லோரும் சுகமாகப் போய்வரலாமே, ஏன் இந்தப் பஸ் இடிபாடு?” என்றனர். செலவு ஒரு காரணம் என்பது உண்மை. 2022ஆம் ஆண்டு எரிபொருட் தட்டுப்பாட்டின்போது நாடே வரிசையில் நின்றதை மறந்தவர் எவருமிலர். அதன்பின் வாடகை வண்டியின் கூலி எமது மாணவர் குடும்பங்கள் தாங்கத்தக்கதாய் இல்லை. ஆயினும், வான் இலவசமாகவே கிடைத்தாலும் நாம் பஸ்ஸையே தேர்ந்திருப்போம். வானில் ஏறியவன் இறக்கிவிட்ட இடத்தை மட்டுமே காண்பான். பஸ்ஸில் ஏறியவனோ, நின்று நின்று போகும் அவ்வண்டியின் பலகணியூடே, ஒரு தரிப்பிடத்துக்கும் மற்றத் தரிப்பிடத்துக்கும் இடையே உள்ள கடை, கோயில், மதில், மரம் யாவற்றையும் காண்பான். விரும்பிய இடத்தில் இறங்கலாம். பின்னால் வரும் வண்டியில் ஏறலாம். வண்டியை நிறுத்திவைக்க இடம் தேடி அலையவேண்டியதில்லை. புறக்கோட்டையில் அது எத்துணைப் பெரிய வரம் என்பது அங்கே மோட்டார் வண்டி செலுத்தினோர்க்குத் தெரியும்.

மேலும், கொழும்பின் பொதுப் போக்குவரத்தே ஒரு சரித்திரம். 1899ஆம் ஆண்டு தொடங்கி 1960ஆம் ஆண்டு வரையில் இந்நகரில் மின்சார ட்ராம் வண்டிகள் ஓடின. 1953 முதல் 1964 வரையில் மேற்கம்பியில் மின்சாரம் பெறும் ட்ரொலி பஸ்களும் ஓடின. 1958ஆம் ஆண்டு தை மாதம் முதலாந் தேதி தனியார் பஸ் கம்பனிகள் யாவும் தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. எமது மாணவரிடம் இவற்றைச் சொன்னபோது, கொழும்பில் ட்ராம் ஓடியதோ என்று வியந்தனர். அவர்தம் பாட்டனார் அதில் ஏறியிருத்தல் கூடும். எனினும், ஏறியமைக்கு வீட்டில் ஒரு படமேனும் இல்லை.

இனி, ஏற்பாடு. எந்த நாளிற் போவது என்பதே முதற் கேள்வி. இதில் எமது குழுவிலே நீண்ட விவாதம் நிகழ்ந்தது. ஞாயிற்றுக்கிழமையிற் புறக்கோட்டைக் கடைகளிற் பெரும்பாலன பூட்டியிருக்கும். லொறிகள் இல்லை, கைவண்டி தள்ளும் நாட்டாமிமார் இல்லை, கட்டிடங்களின் முகப்பைக் காலடி முதல் கூரை வரையில் தடையின்றிக் காணலாம். கட்டிடத்தைப் பதிவுசெய்வதே நோக்கமாயின் ஞாயிறே சிறந்தது. ஆனால் புறக்கோட்டை என்பது சுவர் மட்டுமன்றே. மூட்டை சுமப்பவரும், விலை கூறுபவரும், தேங்காய் எண்ணுபவரும் இல்லாத புறக்கோட்டை, ஆடியவர் போனபின் எஞ்சிய அரங்கு போன்றது. ஈற்றில், கட்டிடங்களுக்காக ஒரு ஞாயிறும், மனிதருக்காக ஒரு சனிக்கிழமை முற்பகலும் என இரு பயணமாகப் பிரித்தோம். ஞாயிற்றுக்கிழமைகளிலும் போயா தினங்களிலும் பஸ்களும் புகையிரதங்களும் குறைவாகவே ஓடும் என்பதை மறத்தலாகாது. நேர அட்டவணையை முந்திய நாளே நிலையத்திற் கேட்டறிந்துகொள்ளல் நன்று.

நாளுக்கு அடுத்தது வெயில். இதனைச் சிறிது விரிவாகச் சொல்லுதல் வேண்டும். ஏனெனில் படப்பிடிப்பில் இறங்கும் இளைஞர், கமராவின் விலையைப் பற்றிப் பேசுமளவுக்குச் சூரியனைப் பற்றிப் பேசுவதில்லை. கொழும்பு பூமத்திய கோட்டுக்கு ஏறக்குறைய 7 பாகை வடக்கே உள்ளது. சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாள் முன்னும், பின்னர் செப்டெம்பர் முதல் வாரத்திலும் நண்பகற் சூரியன் நேரே தலைக்குமேல் நிற்பான். பிற மாதங்களிலும் அவன் வெகுதூரம் சாய்வதில்லை. எனவே முற்பகல் பத்து மணிக்கு மேல் பிற்பகல் மூன்று மணி வரையில், கூரை நிழல் சுவரிற் கரும்பட்டையாய் விழும். மனிதர் கண்கள் நிழற்குழியில் மறையும். நல்ல படத்துக்குரிய காலம், காலை ஆறரை முதல் ஒன்பதரை வரையும், மாலை மூன்றரை முதல் சூரியன் கடலில் இறங்கும் வரையுமேயாம்.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. காலி வீதி பெரும்பாலும் வடக்குத் தெற்காக ஓடுகின்றது, மேற்கே கடல். ஆகவே கடற்பக்கத்துக் கட்டிடங்கள் கிழக்கு நோக்கி நிற்க, காலை வெயில் அவற்றின் முகத்தில் விழுகின்றது. எதிர்ப்பக்கத்துக் கட்டிடங்கள் மேற்கு நோக்கி நிற்பதால் அவற்றுக்கு மாலை வெயிலே உரியது. அதிகாலையில் தெற்கே போகும்போது ஒருபக்கம், பிற்பகலில் மீளும்போது மறுபக்கம் என வகுத்துக்கொண்டால், ஒரே வீதியில் இருமுறை பஸ் ஏறினும் பயணம் வீணாகாது. ஆனால் கடலோரத்தில் அண்மைக்காலத்தில் எழுந்த வானளாவிய மாடிகள், மாலையில் எதிர்ப்பக்கத்தின்மேல் நெடுநிழல் வீசுகின்றன. அவ்விடங்களில் மூன்றரை மணியையே எல்லையாகக் கொள்ளல் வேண்டும். புறக்கோட்டையின் குறுந்தெருக்களிலோ நிலைமை வேறு. அங்கே விடியற் கதிர் நிலத்தை எட்டாது. சூரியன் கூரைக்கு மேலே வந்தபின்னரே, ஒன்பது மணியளவில், தெருவுக்கு ஒளி கிடைக்கும். இதையெல்லாம் அறிதற்காக, பயணத்துக்கு முந்திய வாரம் மாணவர் இருவரை முன்னோட்டமாக அனுப்பி, எந்த முகப்பில் எத்தனை மணிக்கு வெயில் விழுகின்றதெனக் குறித்துவரச் செய்தோம். சில வீதிகளில் ஒருவழிப் போக்குவரத்து இருத்தலால், போகும் தரிப்பிடமும் மீளும் தரிப்பிடமும் வெவ்வேறாய் இருப்பதையும் அவர்களே கண்டு வந்தனர்.

மழைக்காலத்தையும் நோக்கவேண்டும். வைகாசி தொடக்கம் தென்மேற்குப் பருவக்காற்று. ஐப்பசியிற் பிற்பகல் இடிமழை. தை, மாசி மாதங்களின் காலைப் பொழுதே கொழும்பிற் படமெடுக்க மிகவும் தெளிந்தது என்பது எமது அநுபவம்.

சந்திக்கும் இடம், கோட்டைப் புகையிரத நிலையத்தின் முன்னே நிற்கும் ஒல்கொட் துரையின் சிலையடி. கோட்டை நிலையம் பழைய கோட்டையின் உள்ளே இல்லை என்பது வேடிக்கை. ஒல்லாந்தர் கோட்டைக்குப் புறத்தே இருந்தமையாற் புறக்கோட்டை எனப் பெயர் பெற்ற பகுதியையே அது முட்டிக்கொண்டு நிற்கின்றது. ஆங்கிலேயர் அப்பகுதிக்கு இட்ட ‘பெட்டா’ என்னும் பெயரும் எமது ‘பேட்டை’யின் திரிபேயாம். பதினேழு பேர் கொண்ட குழு ஒரே பஸ்ஸில் ஏற முயன்றால் நடத்துநர்க்கும் தொல்லை, பயணிகட்கும் தொல்லை. ஆதலின் ஆறு பேருக்கு மேற்படாத மூன்று அணிகளாகப் பிரிந்தோம். ஒவ்வோர் அணிக்கும் ஒரு மூத்தவர் தலைவர், ஒருவர் எழுத்தர். எழுத்தருக்குக் கமரா இல்லை. குறிப்புப் புத்தகமும் பென்சிலுமே. முதலில் இப்பதவியை ஏற்க எவரும் முன்வரவில்லை. நாளின் முடிவில் அதுவே எல்லாவற்றினும் முக்கியமான பதவி என்பதை யாவரும் உணர்ந்தனர்.

முதலணி புறக்கோட்டைக்குள் நடந்தது. 1923இற் பார்சிக் குடும்பமொன்று எழுப்பிய கான் மணிக்கூட்டுக் கோபுரத்திலே தொடங்கி, இரண்டாம் குறுக்குத் தெருவிலுள்ள செங்கோட்டைப் பலகாரம் போன்ற சிவப்பு வெள்ளைப் பள்ளிவாசலைக் கண்டனர். சம்மாங்கோட்டுப் பள்ளி எனத் தமிழர் வழங்கும் அது 1908, 1909ஆம் ஆண்டுகளிற் கட்டப்பெற்றது. முறையாகக் கட்டிடக்கலை பயிலாத ஒருவரே அதனை வகுத்தார் என்பர். அப்பாற் செட்டியார் தெரு. பொற்கடைகளுக்கு நடுவே கதிரேசன் கோயில்கள். ஆடிவேல் இரதம் இத்தெருவிலிருந்தே காலி வீதி வழியாகப் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் எழுந்தருளும். 100ஆம் இலக்க, 101ஆம் இலக்கப் பஸ்கள் இன்று ஓடும் வீதியே வேலவரின் வீதி. மேட்டிலே 1757இல் வழிபாட்டுக்குத் திறந்த ஒல்லாந்தரின் வுல்வெண்டால் தேவாலயம். அப்பெயருக்கு ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்பது பொருள். கொழும்பில் ஓநாய் ஏது? போர்த்துக்கேயர் அங்கே வைத்திருந்த குவாதலூப்பே மாதாவின் பெயரை, ஒல்லாந்தர் தம் செவிக்கு எட்டியவாறு ஓநாயாக்கிவிட்டனர் என்பது பரவலாய்க் கூறப்படும் விளக்கம். மொழியாசிரியராகிய எமக்கு, அன்றைய நாளில் இதனினும் இனித்த செய்தி வேறில்லை.

அங்கிருந்து கொச்சிக்கடை. பொன்னம்பல முதலியார் நிறுவி, அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கருங்கல்லாற் புதுக்குவித்த பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தை மாணவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தனர். தூணில் விழும் பக்கவொளியைக் கண்டபின்புதான், வெயில் பற்றி நாம் கூறியவை வெறும் உபதேசமல்ல என்று அவர்கள் நம்பினர். மூலஸ்தானத்தைப் படமெடுத்தல் ஆகாது. வெளி மண்டபத்துக்கும் கோயிலாரின் அநுமதியை முன்னரே பெற்றிருந்தோம். அருகே புனித அந்தோனியார் ஆலயம். 2019ஆம் ஆண்டு சித்திரை 21ஆந் தேதி உயிர்த்த ஞாயிற்றில் அங்கே நிகழ்ந்த கொடுமைக்குப் பின், பையுங் கமராவுமாய் வருவோரைக் காவலர் சோதித்தே அனுப்புகின்றனர். அதனை அவமதிப்பாகக் கொள்ளாது பையைத் திறந்து காட்டிப் பொறுமையுடன் நிற்கும்படி பிள்ளைகட்குக் கூறியிருந்தோம். அவ்விடத்திற் படம் குறைவாகவே எடுத்தனர், அது தகும்.

இரண்டாம் அணி 138ஆம் இலக்கப் பஸ்ஸில் ஏறி மாநகர மண்டபத்தையும், ஆனந்த குமாரசுவாமி மாவத்தையையும், 1877ஆம் ஆண்டு தை முதலாந் தேதி திறக்கப்பெற்ற தேசிய நூதனசாலையையும் கண்டது. வெயில் ஏறிய நேரத்தை உள்ளே கழித்தற்கு நூதனசாலையைப் போல் வாய்ப்பான இடம் வேறில்லை. ஆனந்த குமாரசுவாமி பிறந்ததும் அதே 1877ஆம் ஆண்டு என்பதை மாணவியொருத்தியே கண்டு கூறினாள்.

மூன்றாம் அணியின் செய்தியே எம் நெஞ்சில் தைத்தது. அவ்வணிக்குக் கொம்பனித்தெரு ஒதுக்கப்பட்டிருந்தது. பேரை வாவியைச் சூழ்ந்த அப்பகுதியிற் கடந்த பதினைந்து ஆண்டுகளுக்குள் எத்தனையோ பழைய வரிசை வீடுகள் மறைந்து, உயர்ந்த மாடிகள் எழுந்துவிட்டன. சிறு சந்தொன்றில், மரத்தூண் திண்ணையும் வண்ணக் கண்ணாடிச் சாளரமும் கொண்ட வீட்டை மாணவர் படமெடுத்துக்கொண்டிருந்தபோது, உள்ளிருந்து முதியவர் ஒருவர் பதைபதைத்து வெளியே வந்தார். “தம்பி, எங்க ஒஃபீஸ்ல இருந்து வாறீங்க? எப்ப இடிக்கப் போறாங்க?” என்பதே அவர் கேட்ட முதற் கேள்வி. கமராவும் குறிப்புப் புத்தகமும் கொண்டு வருவோர் அளவெடுக்கும் அதிகாரிகளாகவே இருத்தல் கூடும் என்பது அச்சந்தினர் அநுபவத்திற் கற்ற பாடம். “இல்லை ஐயா, நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஞாபகத்துக்காக எடுக்கிறோம்” என்று கூறியபின், அவர் நெடுநேரம் பேசாது நின்றார். பிறகு திண்ணையிற் கதிரையைப் போட்டு அமர்ந்து, “அப்ப என்னையும் சேர்த்து எடுங்க” என்றார்.

அப்படம் தொழில்நுட்பத்திற் குறையுடையது. தூணின் நிழல் அவர் தோளை மறைக்கின்றது. அன்று எடுத்த நானூறுக்கு மேற்பட்ட படங்களுள் நாம் முதலில் அச்சிடுவித்தது அதனையே. அடுத்த வாரம் பிரதியொன்றை அவரிடம் சேர்க்க மாணவர் இருவர் மீண்டும் பஸ் ஏறினர். இது எமது குழுவின் விதியாகவே ஆயிற்று: எவரையேனும் அவர்தம் வீட்டு வாயிலிற் படமெடுத்தால், ஒரு பிரதி அவ்வீட்டுக்குச் செல்லவேண்டும். குடியிருப்போர் பகுதியிற் புகுமுன், யாம் யார், எதற்காக வருகின்றோம் என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய கடிதமொன்றை, கல்லூரி அதிபரின் கையொப்பத்தோடு, அணித்தலைவர் கையிற் கொடுத்தனுப்புதலும் விதியாயிற்று. துறைமுகம், இராணுவ நிலையம், ஜனாதிபதி மாளிகைச் சூழல் ஆகியவற்றின் பக்கம் கமராவைத் திருப்பவே கூடாது. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படமெடுத்தல் பௌத்த அன்பரின் மனத்தைப் புண்படுத்தும்.

தாய்மாருக்கு ஒரு சொல். பெண்பிள்ளைகளை நெரிசற் பஸ்ஸில் அனுப்பத் தாய்மார் தயங்குவது காரணமற்றதன்று. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2017இல் வெளியிட்ட குறிப்பின்படி, இந்நாட்டுப் பெண்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பஸ்ஸிலோ புகையிரதத்திலோ ஒருமுறையேனும் தகாத தொல்லைக்கு ஆளாகியுள்ளனர். வெட்கித் தலைகுனியவேண்டியவர் பெண்பிள்ளைகள் அல்லர். அவர்களை வீட்டில் நிறுத்திவிட்டால் நகரின் பாதி படமாகாது. சமையற்கட்டுக்குள்ளும் தையற்கடைக்குள்ளும் அழைக்கப்பெற்றவர்கள் அவர்களே. ஆகவே ஒவ்வோர் அணியிலும் பெண்பிள்ளைகள் இருவருக்குக் குறையாமலும், பஸ்ஸில் அவர்கள் அருகருகே இருக்குமாறும், மூத்த ஆசிரியையோ தாயொருவரோ உடன்வருமாறும் ஏற்பாடு செய்தோம். தொல்லை நேர்ந்தால் உடனே உரத்த குரலில் நடத்துநரை அழைக்கவேண்டும் என்றும், அணி முழுவதும் அப்போதே எழுந்து நிற்கவேண்டும் என்றும் ஆண்பிள்ளைகளுக்கும் சேர்த்தே சொல்லிவைத்தோம்.

பஸ்ஸினுள் நடந்துகொள்ளும் முறை பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. பையை முதுகிலன்றி மார்பில் மாட்டுக. முன்னாசனம் மதகுருமாருக்கு உரியது. சில்லறை கையில் இருக்கட்டும். ஓடும் வண்டியின் மிதிபலகையிலோ, கடற்கரைத் தண்டவாளத்திலோ நின்று படமெடுப்பவன் எவனாயினும் அக்கணமே குழுவிலிருந்து நீக்கப்படுவான். அவ்வாறு எடுக்க முனைந்து மாண்ட இளைஞர் செய்தி பத்திரிகையில் வாராத ஆண்டில்லை. இதில் எமக்கு இரக்கமில்லை.

படமெடுக்கும் முறையில் எமது கருத்து ஒன்றுண்டு, சிலர் உடன்படார். கட்டிடத்தின் முன் முச்சக்கர வண்டி நின்றால் அது போகும்வரை காத்திருப்பதும், மின்கம்பிகளைப் பின்னர் கணினியால் அழிப்பதும் இக்காலத்து வழக்கம். அழகுப்படம் வேண்டுவோர் அவ்வாறு செய்க. நாமோ கம்பியும் இருக்கட்டும், விளம்பரப் பலகையும் இருக்கட்டும் என்போம். ஐம்பது ஆண்டுகளின் பின் பார்ப்பவனுக்கு, முகப்பைவிட அந்தப் பலகையிலுள்ள விலையே வியப்பூட்டும். ஒவ்வொரு கட்டிடத்துக்கும் தெருவோடு சேர்த்து முழுத்தோற்றம் ஒன்று, முகப்பு ஒன்று, கதவு, தூண், எழுத்து முதலிய உறுப்புகள் சில, ஈற்றில் தெருப்பெயர்ப் பலகை. குறுந்தெருவில் நின்று மேல்நோக்கி எடுத்தாற் கட்டிடம் பின்னே சாய்வதுபோலத் தோன்றும். எதிர்க்கடையின் மேன்மாடிக்குச் செல்ல அநுமதி கேட்டாற் பெரும்பாலும் கிடைக்கும், தேநீரும் கிடைக்கும்.

மாலையில் மூன்று அணிகளும் காலிமுகத்திடலிற் கூடி இஸ்ஸோ வடை தின்றபின், கொள்ளுப்பிட்டியிற் புகையிரதம் ஏறி, கடலை ஒட்டிப் பம்பலப்பிட்டி தாண்டி வெள்ளவத்தையில் இறங்கினோம். அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் எழுத்தர் மூவரும் தத்தம் குறிப்புகளை ஒப்புநோக்கத் தொடங்கிவிட்டனர். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டால், நூறு கதவுகளுள் எது எத்தெருக் கதவு என்பது இரண்டு நாளில் மறந்துபோகும். கைத்தொலைபேசி தானாகவே நாளையும் இடத்தையும் குறித்துக்கொள்ளும் என்பது மெய். ஆனால் அவ்வீட்டில் யார் இருந்தார், அயலவர் அச்சந்துக்கு என்ன பெயர் சொல்கின்றனர் என்பவற்றை அது அறியாது.

பேணுதல் பற்றி முன்னர் விட்ட இடத்துக்கு வருவோம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, படத்தின் உரிமை எடுத்தவர்க்கே உரியது. அவர் மறைந்து எழுபது ஆண்டு கழியும் வரை அது நிலைக்கும். எனவே பயணத்துக்கு முன்னரே, இப்படங்களை எவரும் எடுத்தவர் பெயரைக் குறித்துப் பயன்படுத்தலாம் என்று ஒவ்வொருவரும் கையொப்பமிட்டனர். பதினெட்டு வயது நிரம்பாதோர்க்காகப் பெற்றோர் ஒப்பமிட்டனர். இல்லையேல் நாளைக்கு ஒரு நூலாசிரியரோ மாணவரோ ஒரு படத்தைப் பயன்படுத்த விரும்பினால், பதினேழு பேரையும் தேடி அலையவேண்டிவரும். படத்திரட்டை மூன்று பிரதிகளாக்கி, ஒன்றைக் கல்லூரி நூலகத்திலும், ஒன்றை வேறொரு வீட்டிலும் வைத்துள்ளோம்; மூன்றாவதை இணையத்தில் ஏற்றும் வேலை நடைபெறுகின்றது. 2005ஆம் ஆண்டு முதல் இலங்கைத் தமிழ் நூல்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்தாரின் பணி எமக்கு வழிகாட்டி. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் இருந்தன. ஒரே இடத்தில் ஒரே பிரதி என்பதைக் கேட்டாலே எம் தலைமுறையினர்க்கு உடல் நடுங்கும்.

அடுத்த பயணம் தை மாதத்தில். மட்டக்குளியிலிருந்து புறப்பட்டு நகரை ஊடறுத்துத் தெற்கே செல்லும் 155ஆம் இலக்கப் பஸ் வழியைத் தெரிந்திருக்கின்றோம். மட்டக்குளியிலே தொடங்கித் தெற்கே வருவதா, தெற்கே தொடங்கி மட்டக்குளியில் முடிப்பதா என்பது இன்னும் தீரவில்லை. வெயிற் கணக்குப் பார்த்தால் முதலாவதே சரி என்கின்றனர் ஒரு சாரார். மட்டக்குளியில் மாலை வேளையில் மீன்வலை உலர்த்துவோரைக் காணலாம் என்கின்றனர் மறுசாரார். வருகின்ற சனிக்கிழமை இருவர் போய்ப் பார்த்து வருகின்றனர்.